வழிபாட்டில் இல்லை

எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது, வகுப்பறைகளைப் பெருக்குவது, ஆசிரியைகள் அறையில் இருக்கும் மண்பானைக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் ஒரே ஆளின் வேலை. ஆயா என்று கூப்பிடுவோம். என்னைவிட அவருக்குப் பத்து வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். இருபத்தெட்டு வயதுக்காரி முப்பத்தெட்டு வயதுப் பெண்ணை ஆயா என்று அழைப்பது அன்றைக்கு எனக்கு வினோதமாகப் படவில்லை.

அவர் நெரவிக்கு அப்பால் ஓர் ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து தினமும் நடந்தும், கிடைத்தால் பஸ்ஸிலும் வருவார். நான் தலத்தெருவிலிருந்து சைக்கிளில் வருவேன். சரித்திர ஆசிரியை. எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. அந்த வருடம் பள்ளியில் ஒரு கண்காட்சி நடத்துவதென்று முடிவாயிற்று. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் அறை. என் அறைக்கு நான் வைத்த தலைப்பு, ‘நம் பகுதியில் காண வேண்டிய இடங்கள்’.

பெரிய சுவர் வரைபடம் ஒன்று வரையத் தொடங்கினேன். சனிக்கிழமைகளில் வண்டி வண்டியாக ஆள் வந்து இறங்கும் திருநள்ளாறு, மாங்கனித் திருவிழா நடக்கும் அம்மையார் கோவில், எங்கள் மாதா கோவில், தர்கா, கடற்கரை, பிரெஞ்சுக்காரர் கட்டிய பழைய வீடுகள். வரைந்து முடித்துப் பார்த்தபோது எரிச்சலாக இருந்தது. எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இதையேதான் சொல்லும். யாரும் சொல்லாத ஓர் இடமாவது என் வரைபடத்தில் வேண்டும் என்று ஆசை. அதை ஆசை என்று சொல்வதே எனக்கு நானே காட்டும் சலுகைதான். அது ஒரு வெறி.

பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆயா வரைபடத்தைப் பார்த்தார்.

“இதுல எங்க ஊரு எங்க இருக்கு டீச்சர்?”

தொட்டுக் காட்டினேன். அங்கே நீலத்தில் ஏரி மட்டும் இருந்தது.

“ஏரி மட்டுந்தானா? எங்க காதுசாமிய போடலியே.”

அப்படித்தான் தெரியவந்தது. ஏரிக்கரையில், புங்கமரத்தடியில் ஒரு கல்சாமி உட்கார்ந்திருக்கிறது. காது தோள் வரைக்கும் தொங்கும். பிள்ளைகளுக்குக் காதுவலி வந்தால் தாய்மார் நல்லெண்ணெய் கொண்டுபோய் அதன் காதில் ஊற்றுவார்கள். காது மடலிலிருந்து சொட்டுவதைப் பூவரச இலையில் பிடித்துப் பிள்ளையின் காதுக்குப் பின்னால் தடவுவார்கள். வலி நின்றுவிடும்.

“உங்க ஊர்ல கோவில் இருக்குதில்ல?” என்று கேட்டேன்.

“அது தெருக்காரங்க கோவிலுங்க. நாங்க வெளியில நின்னு கும்பிட்டுக்கிட்டு வந்துருவோம்” என்றார் சாதாரணமாக. “இதுக்குப் பூசாரி இல்ல, கதவு இல்ல. எங்க கையாலயே எண்ணெ ஊத்தலாம்.”

இந்த வாக்கியம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போதும் காதில் விழுந்தது. ஆனால் என் மனம் வேறிடத்தில் இருந்தது. உட்கார்ந்த கல், தோள் வரை தொங்கும் காது. அது என்னவாக இருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஆயாவுடன் போனேன். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா மகன் விட்டுப்போன கேமரா கையில் இருந்தது. ஏரி என்று ஊரில் சொன்னாலும் அது மூன்று பெரிய குளங்கள் உடைந்து ஒன்றாகிக் கிடக்கும் தண்ணீர். ஒரு கரையில் அல்லி, மறுகரையில் எருமைகள். கரை மேட்டில் இருபது முப்பது கூரை வீடுகள். புங்கமரத்தடியில் அவர் இருந்தார். மூன்றடி உயரம். சம்மணமிட்டு, மடியில் கைமேல் கை. மூக்கு உடைந்திருந்தது. தலையுச்சியில் சுடர்போல ஒரு முடிப்பு. புத்தர். புத்தகங்களில் மட்டும் பார்த்து, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டிய புத்தர், என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் தோளும் முகமும் எண்ணெய்ப் பிசுக்கேறித் தார் பூசியதுபோல இருந்தன. மஞ்சளும் குங்குமமும் வேறு.

“படம் தெளிவா விழாது ஆயா. கொஞ்சம் கழுவலாமா?”

“அதுக்கென்னங்க. குளிப்பாட்டி விடறேன்.”

வீட்டிலிருந்து சாம்பலும் தேங்காய்நாரும் எடுத்துவந்தார். ஏரியிலிருந்து குடம் குடமாக மொண்டு ஊற்றி, பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல முகத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு தேய்த்தார். காது இடுக்கில் விரலை விட்டு அழுக்கெடுத்தார். எத்தனை வருடத்து எண்ணெயோ, கருப்புக் கூழாக வழிந்து ஓடிற்று. கல் பளிச்சென்று வெளுத்தது. நான் ஆறு படங்கள் எடுத்தேன்.

கண்காட்சியில் என் அறையில்தான் கூட்டம். பார்வையிட வந்த ஒரு பெரியவர் மூலமாகச் செய்தி போயிற்று. வெளியூரிலிருந்து தொல்பொருள் அதிகாரி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். மரியாதையான மனிதர். அன்று நெரவி பஸ்ஸில் அவருடன் போனேன். அறுப்புக் காலம். கரையில் ஆளே இல்லை, எல்லோரும் வயலில். ஆயா பள்ளியில்.

அவர் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அளந்தார். எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்:

“ஏம்மா, இது வழிபாட்டுல இருக்கா? வழிபாட்டுல இருந்தா நாங்க எடுக்க மாட்டோம். அப்படியே விட்டுடுவோம்.”

சிலையின் காலடியில் ஒரு பூவரச இலை கிடந்தது. நடுவில் எண்ணெய் மினுங்கிற்று. அதற்கு முந்தின நாளோ அன்று காலையோ யாரோ வந்து போயிருக்க வேண்டும். அவர் எழுதுவதற்காகக் குனிந்திருந்தார். நான் அந்த இலையைச் செருப்புக் காலால் நகர்த்தி வேர் இடுக்கில் தள்ளினேன்.

“இல்ல சார்” என்றேன். “வழிபாடெல்லாம் இல்ல.”

“மஞ்சள் குங்குமம் எதுவும் இல்ல, கல்லு சுத்தமாத்தான் இருக்கு” என்றார் அவர். “அப்படின்னா நீங்களே ஒரு கடிதமா எழுதிக் குடுத்துடுங்க. கண்டுபிடிச்சது நீங்கதானே.”

மறுநாள் ஆசிரியைகள் அறையில் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் எழுதினேன். ‘மேற்படி சிலை தற்போது வழிபாட்டில் இல்லை என்பதை நேரில் கண்டு உறுதி கூறுகிறேன்.’ அந்த வரியை எழுதும்போது ஆயா கதவருகில் பெருக்கிக்கொண்டிருந்தார். “எங்க சாமியப் பத்தியா எழுதுறீங்க?” என்றார். ஆமாம் என்றேன். சந்தோஷப்பட்டார். ஒரு மேடை கட்டித் தரச்சொல்லி எழுதுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே நிறையக் காரணங்கள் சொல்லியிருக்கிறேன். கிடந்தால் யாராவது திருடிக்கொண்டு போவார்கள். மழையில் கரையும். பிள்ளைகள் காதில் எண்ணெய் ஊற்றிக் கெடுத்துக்கொள்வார்கள். கடைசிக் காரணம் அப்பட்டமான பொய். எண்ணெயைக் காதுக்குள் ஊற்றுவதில்லை, பின்னால்தான் தடவுகிறார்கள் என்று ஆயா என்னிடம் சொல்லியிருந்தார். உண்மையான காரணம் ஒன்றுதான். புங்கமரத்தடியில் இருந்தால் அது காதுசாமி. அருங்காட்சியகத்துக்குப் போனால்தான் அது நான் கண்டெடுத்த புத்தர்.

எடுத்துப்போகும் நாள் எனக்குக் கடிதத்தில் தெரிவிக்கப்பட்டது. ஒரு புதன்கிழமை. அன்று பத்தாம் வகுப்புக்கு மௌரியர் பாடம் நடத்தினேன். ஆயா நேரம் தவறாமல் மணி அடித்தார். டிராக்டரில் வந்தவர்கள் சிலையின் தோளில் புது எண்ணெய் வழிந்திருந்ததைக் கண்டிப்பாகப் பார்த்திருப்பார்கள். ஆனால் அவர்கள் கையில் என் கடிதம் இருந்தது.

மறுநாள் காலை ஆயா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்து, அதை இறக்காமலே நின்றார்.

“டீச்சர், சாமிய தூக்கிட்டுப் போயிட்டாங்க. வைக்கோல் போட்டு, கயிறு கட்டித் தூக்கிட்டாங்களாம். கவர்மெண்டு ஆர்டருன்னாங்களாம். களை எடுத்துக்கிட்டு இருந்த பொம்பளைங்க ஓடிவந்து கேட்டிருக்காங்க. பேப்பரக் காட்டியிருக்காங்க. எங்க ஆளுகளுக்குப் படிக்கவா தெரியும்?”

“அடடா” என்றேன்.

இந்த ஒரு சொல்லை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒரு நாளிதழில் நாலு வரிச் செய்தி வந்தது. ‘பள்ளி ஆசிரியை கண்டெடுத்த புத்தர் சிலை.’ வீட்டில் அப்பா அதைக் கத்தரித்து வைத்தார். பிரெஞ்சுக் காலத்தில் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுத்தராக இருந்தவர் அவர். காகிதத்தில் வந்துவிட்டால் அது நடந்தது என்று நம்புகிறவர். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் காட்டினார்.

ஒரு வாரம் கழித்து ஆயா கேட்டார்: “ஒரு மனு எழுதிக் குடுங்க டீச்சர். நாங்க கும்பிடுற சாமி, திருப்பிக் குடுத்துடுங்கன்னு. கைநாட்டு நான் வாங்கிட்டு வரேன்.”

எழுதினேன். மறுக்க முடியாமல் எழுதினேன். திங்கட்கிழமை அவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். நாற்பது பேரின் கட்டைவிரல் ரேகைகள் நீல மையில் வரிசையாக இருந்தன. சிறு பிள்ளை ஒன்றின் விரலையும் ஒற்றியிருந்தார்கள். “காதுவலி இருக்கிற புள்ள. அதுவும் சொல்லட்டும்னு வச்சோம்” என்றார்.

அதை நான் அனுப்பவில்லை. அனுப்பினால் அதே கோப்பில் என் கடிதத்துக்கு மேலே போய் உட்காரும். இரண்டையும் ஒருவர் சேர்த்துப் படிப்பார். அந்த அதிகாரி என்னைப் பற்றி என்ன நினைப்பார்? மனுவை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். “அனுப்பிட்டேன் ஆயா” என்றேன். கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தார். “பதில் வந்துதுங்களா?” “இன்னும் வரல ஆயா.” பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். தண்ணீர் ஊற்றுவது மட்டும் நிற்கவில்லை. தினமும் அந்தப் பானையிலிருந்துதான் குடித்தேன்.

மாதாமாதம் கோவிலில் சாமியாரிடம் என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று சொல்வேன். இதைச் சொன்னதில்லை. வேறு மதத்துச் சிலை விஷயம், இது பாவக் கணக்கில் வராது என்று சமாதானம் செய்துகொண்டேன். ஒரு தவக்காலத்தில் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டேன். சாமியார் பொறுமையாகக் கேட்டு, மாதாவுக்குச் சொல்லும் ‘அருள் நிறைந்த’ மந்திரத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று மூன்றையும் சொல்லி எழுந்தபோது, ஏமாற்றியவள் மாதிரித்தான் உணர்ந்தேன். நாற்பது ரேகைக்கு மூன்று மந்திரம்.

ஐந்தாறு வருடங்கள் ஓடின. எண்பதுகளின் நடுவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போனோம். போகும் ஊர்ப்பட்டியலில் அந்த அருங்காட்சியகம் இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவும் வருவதென்று முடிவாயிற்று. நான் மட்டும் எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன். தலைமை ஆசிரியை, “நீங்க கண்டுபிடிச்ச சிலை இருக்கிற இடம். நீங்க வராம எப்படி?” என்று சிரித்தார்.

பஸ்ஸில் போகும்போது ஆயாவிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் வாந்தி எடுத்த பிள்ளைகளின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

உள்ளே மூன்றாவது கூடத்தில் இருந்தது. கருப்புப் பீடம், மேலே விளக்கு, சுற்றிலும் கயிறு. எதிரில் பலகையில் விவரம். பிள்ளைகள், “டீச்சர், உங்க புத்தர்!” என்று ஓடினார்கள். ஆயா கடைசியாக, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களைச் சுமந்துகொண்டு வந்தார். பார்த்தார். பாட்டில்களைத் தரையில் வைத்தார்.

கயிற்றை ஒட்டி ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, “நல்ல எடமாத்தான் வச்சிருக்காங்க” என்றார். “மழ இல்ல, வெயில் இல்ல.” கயிற்றைத் தாண்டிக் கிட்டப் போனார். “ஆனா காது காஞ்சு வெடிச்சிருக்கு பாருங்க. ஒரு சொட்டு எண்ணெ இல்ல.” கையை நீட்டிக் காது மடலைத் தொட்டார்.

“ஏம்மா, தொடக்கூடாது. தள்ளி நில்லுங்க” என்று காவலாளி அதட்டினார்.

ஆயா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். தெருக்காரர்களின் கோவில் வாசலில் நிற்பதுபோல ரெண்டடி பின்னால் வந்து கயிற்றுக்கு வெளியே நின்றார். கை கூப்பலாமா என்று தெரியாமல் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு இருந்த ஒரே சாமியின் முன்னாலும் கடைசியில் அவரை வெளியில் நிற்க வைத்துவிட்டேன். வேறு யாரும் இல்லை, நான்தான்.

பிள்ளைகள் அடுத்த கூடத்துக்குப் போனதும், அங்கேயே சொன்னேன். எல்லாவற்றையும். அதிகாரி கேட்டது, நான் இல்லை என்றது, இலையைக் காலால் தள்ளியது, கடிதம், அனுப்பாத மனு. இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சாகச் சொன்னேன். ஆயா என் முகத்தைப் பார்க்கவில்லை. சிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப, நாந்தான் தேச்சுத் தேச்சுக் கழுவி விட்டேன்” என்றார்.

“நீங்க என்ன செஞ்சீங்க ஆயா? கழுவச் சொன்னவ நான்.”

அழுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் குனிந்து பாட்டில்களை எடுத்துக்கொண்டார்.

“அந்த மனு இருக்குங்களா?”

“இருக்கு. வீட்ல இருக்கு.”

“அப்ப அத இப்ப அனுப்புங்க. அதுல நாலு பேரு செத்துட்டாங்க. பரவால்ல. ரேக ரேகதானே.”

அனுப்பினேன். கூடவே என் கடிதமும். முன்பு நான் எழுதிக்கொடுத்தது பொய், சிலை வழிபாட்டில் இருந்தது, அது எனக்கு அப்போதே தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போகும் என்று பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. நாலு மாதம் கழித்துத் தட்டச்சில் ஒரு பக்கம் வந்தது. சிலை பதிவேட்டில் ஏற்றப்பட்டு அரசின் சேகரிப்பில் சேர்ந்துவிட்டதால் திருப்பித் தர வழியில்லை என்று இருந்தது. என் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆயாவிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

“இத நீங்களே வந்து ஊருல சொல்லிடுங்க டீச்சர்” என்றார். “நான் சொன்னா நானும் சேந்து செஞ்சேம்பாங்க.”

அது நியாயம். ஆனாலும் இரண்டு ஞாயிறு போகவில்லை. ஒன்றுக்குத் தலைவலி, ஒன்றுக்கு உறவில் திருமணம் என்றேன். மூன்றாவது ஞாயிறு போனேன்.

கரைமேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிலை இருந்த இடம் பள்ளமாகித் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நின்றுகொண்டே சொன்னேன். குரல் வகுப்பில் பாடம் நடத்துவதுபோல வந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் வேறு மாதிரிப் பேச வரவில்லை. ஓர் இளைஞர் எழுந்தார். “எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? எங்க வீட்டுப் பொருள எடுத்துட்டுப் போறப்ப எங்கள கேக்கணும்னு தோணலியா?” தோன்றவில்லை என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்து, தலையை ஆட்டிவிட்டு, எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

இடுப்பில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண் கேட்டாள்: “ஏன் டீச்சர், அது உண்மையில யாரு சாமி?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு ராஜா வீட்டுப் பிள்ளை. அரண்மனை, பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் இருந்தது. ஒருநாள் அத்தனையையும் விட்டுவிட்டுக் கிளம்பிப் போய், மரத்தடியில் உட்கார்ந்தார்.

“பொண்டாட்டி புள்ளகிட்ட சொல்லிட்டுப் போனாரா?”

“சொல்லல.”

“அப்பறம் என்னங்க” என்றாள் அவள். “சொல்லாமப் போறது அவருக்குப் பழக்கந்தான்.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஓரமாகப் புகையிலை மென்றுகொண்டிருந்த கிழவர்கூடச் சிரித்தார். ஒருத்தி எழுந்துபோய் எனக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். என்னை விட்டுவிட்டார்கள் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. நானும் சிரித்திருக்கலாம். முடியவில்லை. ஆயாவைப் பார்த்தேன். அவரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு ஆயா பள்ளியில் மூன்று வருடம் இருந்தார். மணி அடித்தார், பெருக்கினார், பானையை நிரப்பினார். என்னைக் கண்டால் வழக்கம்போல “வாங்க டீச்சர்” என்பார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அவருடைய ஊரைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.